கயிறு கட்டினால் எடை கூடுமா?

பிள்ளை மெலிந்துபோனால் முதலில் எங்கே ஓடுகிறோம்? பாலக்காட்டு வடகரப்பதியானாலும் ஒழலப்பதியானாலும், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர்க் கிராமங்களானாலும், இன்றும் பல வீடுகளில் முதல் பேச்சு ஒன்றுதான்: "சீர் தட்டிருச்சு." அடுத்த பேச்சு, "கண்ணு பட்டிருச்சு." அன்று சாயங்காலமே மந்திரித்த கறுப்புக் கயிறு இடுப்பில் ஏறிவிடும். கயிறு கட்டிய பிள்ளையை அங்கன்வாடித் தராசில் ஏற்றிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒரு மாதம் கழித்து மறுபடி ஏற்றிப் பார்த்தவர்கள்?

அந்த நம்பிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தீட்டான பெண்ணின் நிழல் பட்டால் குழந்தை வற்றிப்போகுமாம். அதற்குத்தான் சீர், தோஷம் என்று பெயர். ஒரு குழந்தைக்கு விலா எலும்பு தெரிகிறது. பழி மாதவிலக்கான சித்தியின் மேல் விழுகிறது, அல்லது பிள்ளையில்லாத பக்கத்து வீட்டுக்காரியின் மேல். குடித்த தண்ணீர் தப்பித்துவிட்டது. தட்டில் இல்லாத பருப்பு தப்பித்துவிட்டது. கூலியைக் கள்ளுக்கடையில் விட்டுவந்த அப்பனும் தப்பித்துவிட்டான். மாட்டிக்கொண்டது எதிர்த்துப் பேச முடியாத ஒரு பெண். இதை வெறும் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. இதில் அநியாயமும் இருக்கிறது.

குழந்தை ஏன் வற்றுகிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது. வெறுங்காலோடு மண்ணில் நடக்கும் பிள்ளையின் தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு உள்ளே போகிறது. குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கிறது. அதற்குப் பள்ளியிலேயே அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. விடியற்காலை ஒரு டம்ளர் டீயும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு நடக்கும் பிள்ளை பத்து மணிக்கே சோர்ந்து விழுந்தால், அது யார் கண் பட்டதால்?

படிக்காத வீடுகளில்தான் இப்படி என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். படித்தவர்களும் இதே தோஷத்தை வேறு பெயரில் சொல்வார்கள். 2013இல் நம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், அகளி, புதூர், சோலையூர் ஊராட்சிகளின் ஆதிவாசி ஊர்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. தாய்மாருக்கு ரத்தமில்லை, பிறந்த பிள்ளைகளுக்கு எடையில்லை. அப்போது வெளியில் வந்த விளக்கம் என்ன? அந்தத் தாய்மார் சரியாகச் சாப்பிடுவதில்லை, அங்கே சாராயம் அதிகம் என்றார்கள். ராகியும் சாமையும் துவரையும் விளைந்த நிலம் யார் கைக்குப் போனது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. 1951இல் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். பிறகு சொந்த மண்ணிலேயே சிறுபான்மையானார்கள். நிலம் போனதும் தானியம் போனது. தானியம் போனதும் தாயின் ரத்தம் போனது. கடைசியில் பழி மட்டும் அவளிடமே திரும்பி வந்தது.

கேரளம் என்றாலே சுகாதாரம் என்று பெருமை பேசுகிறோம். பேச நியாயமும் இருக்கிறது. ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதையும் கேளுங்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2015-16இல் கேரளத்தில் 19.7 சதவீதம், 2019-21இல் 23.4 சதவீதம். குறைய வேண்டியது கூடியிருக்கிறது. ரத்தசோகையுள்ள குழந்தைகள் 39.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 57.4. எல்லையின் இரண்டு பக்கத்திலும் மார்தட்ட யாருக்கும் உரிமையில்லை.

இனி எல்லைக்கோட்டுக்கே வருவோம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டு அரசுப்பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஐந்து நாளும் முட்டை. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில், ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. இந்தப் பக்கம், அதே தமிழ் பேசும், அதே காட்டில் வேலை செய்யும் கூலிக்காரரின் பிள்ளைக்கு வாரம் ஒரு முட்டை, இரண்டு முறை 150 மில்லி பால். மாநிலம் முழுவதற்குமான காலை உணவுத் திட்டம் கேரளத்தில் இல்லை. பிள்ளையின் எலும்புக்குச் செக்போஸ்ட் தெரியுமா?

அந்த ஒரு முட்டையும் எப்படி வந்து சேர்கிறது? கடையில் கடன் சொல்லியோ கைக்காசைப் போட்டோ தலைமையாசிரியர் வாங்கிவந்து, அரசுப் பணத்துக்குக் காத்திருக்கிறார். 2023இல் இந்தப் பாக்கி விவகாரம் வழக்காகிக் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. ஐந்நூறு பிள்ளைகள் வரை ஒரே ஒரு சமையல்காரர் என்பது கணக்கு. அரிசி களைய, காய் நறுக்க, வடிக்க, தூக்க, கழுவ எல்லாவற்றுக்கும் ஒரே பெண். புகை கண்ணில் ஏற, அண்டாவைத் தனியாகச் சாய்க்கும் அவரை ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள்.

ஆனால் கோயில் நோம்பிக்கு அன்னதானம் என்றால் வசூல் தட்டில் பணம் விழுகிறது. மூட்டை மூட்டையாக அரிசி வருகிறது. பத்துப் பேர் முண்டாசு கட்டி அண்டாவைத் தூக்குகிறார்கள். பசித்தவருக்குச் சோறு போடுவதை நான் குறை சொல்லவில்லை. கேட்பது இதுதான்: ஆண்டுக்கு ஒருநாள் எழும் அந்தக் கை, இருநூறு பள்ளி நாளும் நடக்கும் சமையலறைப் பக்கம் ஏன் எழுவதில்லை? அங்கே புண்ணியம் எழுதப்படுவதில்லை என்பதாலா? எனக்கோ, பள்ளிச் சோற்றின் பெருமையே அதுதான். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் போட்ட சோறும், 1956இல் காமராசர் விரிவாக்கிய மதிய உணவும் யாருடைய மோட்சத்துக்காகவும் வெந்தவை அல்ல. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அதன் பிறகு அந்தத் தட்டின் முன் பிள்ளை கையேந்தி நிற்கவில்லை, தனக்குரியதை வாங்கிக்கொள்கிறது.

அந்த உரிமையையும் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைக்கிறார் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அவர் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். அங்கேயும் நமக்குச் சொந்தபந்தம் இருக்கும். எந்தப் பிள்ளையாவது பருப்பில் சாதி மணக்கிறது என்றதா? பசித்த வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கியது பெற்றவர்களின் திமிர். அந்தத் திமிரில் எத்தனை கிராம் புரதம்?

வீட்டுக்குள்ளும் கேள்வி இருக்கிறது. நம் சித்தூர் தாலுகாவின் பிளாச்சிமடையில், கோக்கோ கோலா ஆலை 2000 முதல் நிலத்தடி நீரை உறிஞ்சியது. கிணறுகள் கெட்டன. மயிலம்மாவும் மற்ற ஆதிவாசிப் பெண்களும் 2002 ஏப்ரலில் போராட உட்கார்ந்தார்கள். 2004இல் ஆலை நின்றது. அந்தப் பெண்கள் தண்ணீருக்காக வெயிலில் கிடந்த மண்ணிலிருந்து கூப்பிடு தூரத்தில், இன்றைக்கு விருந்து வைத்தால் பிள்ளை கையில் கோலா பாட்டிலைக் கொடுக்கிறோம். தினமும் பத்து ரூபாய்க்கு ஒரு சிப்ஸ் பாக்கெட். "கேட்டு அழுகிறான்" என்கிறீர்கள். முதல் பாக்கெட்டை வாங்கிக் கொடுத்தது யார்? நிலக்கடலை விளைகிற காடு இது. அவித்த கடலை ஒரு கைப்பிடி கொடுக்க எந்தச் சாமியின் உத்தரவும் வேண்டாம். அண்ணனுக்கு முட்டை, தங்கச்சிக்குக் குழம்பு என்று பிரித்து வைக்கிற வீடுகளில், அந்தத் தங்கச்சிதான் நாளை ரத்தமில்லாத தாயாகப் பிரசவ வார்டில் படுப்பாள்.

2025இல் அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். கேரள அரசு அங்கன்வாடி உணவுப் பட்டியலையே மாற்றி முட்டை பிரியாணியைச் சேர்த்தது. பேசத் தொடங்கிய ஒரு குழந்தை கேட்டதற்குப் பலன் இருந்தது. வாக்குரிமை உள்ள நீங்கள் எப்போது கேட்டீர்கள்?

அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்துக்குப் போங்கள். போன மாதம் எத்தனை முட்டை வந்தது, கடைக்காரருக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், எடை குறைந்தவர்கள் எந்தெந்த வகுப்பில் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதே நான்கு கேள்வியையும் கிராமசபையில் எழுத்தாகக் கொடுத்து, காலை உணவுக்கு ஊராட்சி நிதி ஒதுக்கத் தீர்மானம் கேளுங்கள்.