கவனம் சிதறுவது குற்றமா?

1902 மார்ச்சில் லண்டனில், ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அவர் எடுத்துக்காட்டிய பிள்ளைகளில் ஒருவனுக்கு 6 வயது. விளையாட்டில்கூட அவன் கவனம் கொஞ்ச நேரத்துக்குமேல் நிற்காது. பேச்சிலோ மற்ற பிள்ளைகளுக்குச் சளைக்காத சூட்டிகை. வளர்ப்பிலோ அறிவிலோ குறை இல்லாமலேயே இப்படி ஆகும் என்று வாதிட்டவர், அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் நேரும் குறை என்றே வகைப்படுத்தினார். மருத்துவம் கையில் எடுத்த பிறகும் வழக்கு அறநெறி மன்றத்தைவிட்டுப் போகவில்லை.

இன்று ஏ.டி.எச்.டி. எனப்படும் இந்தக் கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு வளர்ந்தால் சரியாகிவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். பலருக்குச் சரியாவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, பெரியவர்களுக்கான அளவுகோலைத் தளர்த்தியது: கவனக்குறைவு, மிகை இயக்கம் இரண்டில் ஏதாவது ஒரு பிரிவில் 6 அறிகுறிகள் வேண்டாம், 5 போதும். ஆனால் சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். நாற்பது வயதில் மருத்துவரிடம் போகிறவருக்கு அதற்குள் வேறு பட்டங்கள் கிடைத்திருக்கும்: சோம்பேறி, பொறுப்பில்லாதவர், காலில் சக்கரம் கட்டியவர்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கரண்ட் பில் கட்டக் கடைசி நாள். கணக்கில் பணம் இருக்கிறது. கட்ட வேண்டும் என்ற நினைப்பும் காலையிலிருந்து இருக்கிறது. போனில் செயலியைத் திறக்கிறார். இணைப்பு எண் கேட்கிறது. பழைய ரசீதைத் தேடி அலமாரியைத் திறந்தவர், ராத்திரி பத்து மணிக்கு அந்த அலமாரியையே முழுக்க ஒழுங்குபடுத்தி முடித்திருக்கிறார். பில் கட்டவில்லை.

நல்லது எது என்று தெரிந்தும் ஒருவன் ஏன் அதைச் செய்வதில்லை? ‘நிகோமாக்கிய அறவியல்’ நூலின் ஏழாம் பகுதியில் அரிஸ்டாட்டில் இதை அலசுகிறார். அவர் விவரிக்கும் மனிதன் பெரும்பாலும் இன்பத்துக்குத் தோற்கிறவன். அலமாரிக்காரர் எந்த இன்பத்துக்குத் தோற்றார்? தூசி தட்டியதில் அவருக்கு என்ன சுகம்? அவரை மன உறுதி இல்லாதவர் என்பது எளிது. ஆனால் அரிஸ்டாட்டிலின் கட்டங்களில் அவர் சரியாகப் பொருந்தவில்லை.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் வைக்கும் சிக்கல் இன்னும் கடினமானது. பள்ளிப் படிப்பையும் இறையன்பையும் இணைத்து 1942-இல் எழுதிய கட்டுரையில், பிரார்த்தனை என்பதே கவனம்தான் என்கிறார். அப்படியானால் கவனம் நிற்காதவருக்குக் கோயில் கதவு சாத்தியே கிடக்குமா? வெய்யைப் பொறுமையாகப் படித்தால் அவர் அவ்வளவு கறாரானவர் அல்ல. ஆசிரியர் ‘கவனி’ என்றதும் பிள்ளைகள் புருவத்தை நெரித்து மூச்சைப் பிடிப்பதை அவர் கவனம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. லத்தீன் ஏறாமல் வருடக்கணக்கில் திண்டாடிய பாதிரியார் ஜான் மரிய வியான்னியை உதாரணம் காட்டி, அந்த வீண் உழைப்பே பின்னாளில் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது மனிதர்களை அறியும் திறனாகப் பலித்தது என்கிறார். இருந்தும் ஓரிடத்தில் அவர் வாதம் நொண்டுகிறது. விருப்பம் இருந்தால் கவனம் வரும் என்று அவர் நம்பினார். அலமாரிக்காரருக்கு விருப்பம் காலையிலிருந்தே இருந்தது.

மருந்து வேலை செய்கிறதே, அதனால் இது நோய்தான், குணமல்ல என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அது அரைகுறை வாதம். சாராயமும்தான் ஆளை மாற்றுகிறது. மறுபக்கம், பில் கட்டாததால் கரண்ட் போய் இருட்டில் உட்கார்ந்திருக்கும் அலமாரிக்காரரின் மனைவிக்கு ஏ.டி.எச்.டி. விளக்கம் வெளிச்சம் தராது. மறந்த நிமிஷத்துக்காக அலமாரிக்காரரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. பில் தொகை வங்கியிலிருந்து தானாகவே போக ஏற்பாடு செய்யலாம் என்று மனைவி சொன்னபோது வீம்புக்கு மறுத்திருந்தால், அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எகிப்தியப் பாலைவனத் துறவிகளுக்கு இந்த ஏற்பாட்டு ஞானம் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் இவாக்ரியுஸ் என்ற துறவி, சூரியன் நகர்கிறதா என்று அடிக்கடி பார்ப்பதையும் வாசிக்கும்போது பக்கங்களை எண்ணுவதையும் நடுப்பகல் பேயின் வேலை என்று எழுதிவைத்தார். வனத்து அந்தோணியார் கதை வேறு மாதிரி. ஜெபத்தில் மனம் ஒட்டாமல் அவர் தவித்தபோது, தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுவதும் எழுந்து ஜெபிப்பதும், மறுபடி கயிற்றுக்கே திரும்புவதுமாக இருந்ததைக் கண்டாராம். அது வானதூதர். இப்படியே செய், மீட்படைவாய் என்று சொன்னாராம். அந்தோணியாருக்கு நோய்ப்பெயர் ஒட்டுவது அபத்தம். ஆனால் அந்த யோசனையில் கண்டிப்பு ஒரு வரிகூட இல்லை; மனம் ஓடும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு வகுத்த நாள்முறை அது.