எருக்கைத் திருப்பிப் பாருங்கள்

வைகாசி முடியப்போகிறது. கரிசல்காட்டுச் சாலையோரத்தில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்க, எருக்கு மட்டும் பூத்து நிற்கிறது. ஆடுமாடு அதிகம் வாய்வைக்காத செடிதானே என்று கடந்துபோகிறோம். இலையைத் திருப்பினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடிய புழு இருக்கும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளை அது. இலை நரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டு, அப்புறம்தான் தின்னத் தொடங்கும். என்ன நிதானம்! மிஞ்சும் நஞ்சையும் உடம்பிலேயே சேர்த்துவைக்கும்; ஒருமுறை தின்று குமட்டிய பறவை மறுபடி நெருங்காது. பூவுக்கு வருவது மரம் துளைக்கும் கருவண்டு. எருக்கின் மகரந்தம் தூளாக உதிராமல், சிறு பொட்டலமாக வண்டின் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகிறது. ஓரம் வழிக்க வருகிறவர்கள் நாலு எருக்கம்புதரை விட்டுவைத்தால் சாலைக்கு ஒரு குறையும் வராது.