உதட்டில் ஒளித்த சிறு பொட்டலம்



பிள்ளைகள் ஒரே நாளில் கஞ்சாவுக்கும் ஊசிக்கும் போய்விடுவதில்லை. முதற்படி வெகு சிறியது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் 'கூல் லிப்' பொட்டலம். புகையில்லை, ஆகையால் வாத்தியாருக்கும் தெரியாது, தாயாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்கு நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கலாகாதென்று 2003-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. குட்காவையும் மெல்லும் புகையிலையையும் நமது இராஜ்யம் 2013-ல் தடைசெய்தது. ஆயினும் எந்தக் கடையில் கிடைக்குமென்று நம் மாங்காட்டுப் பிள்ளைகளையே கேளுங்கள், சொல்லுவார்கள்.

அமெரிக்காவில் டெனிஸ் காண்டெல் என்னும் அம்மையார் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, பீர், பிறகு சிகரெட் அல்லது சாராயம், பிறகு கஞ்சா, அதற்கும் மேலே மற்ற போதைகள் என்று படிவரிசையை 1975-ல் எழுதினார். 2011-ல் அவரும் அவருடைய சகாக்களும் சுண்டெலிகளுக்கு முதலில் நிக்கோட்டினும் பிறகு கொக்கெயினும் கொடுத்தார்கள். கொக்கெயினின் வேகம் மிஞ்சிற்று. முறையை மாற்றிக் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. புகையிலை மூளையில் வாசல் தெளித்துக் கோலமிட்டு வைக்கிறதுபோலும்!

சுண்டெலி வேறு, நம் பிள்ளை வேறு என்பீர்கள். மெய்தான். முதற்படியில் கால்வைத்த பிள்ளைகளில் அநேகர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பொட்டலத்தைக் கண்டவுடனே குடி முழுகிற்றென்று அலற வேண்டாம். ஆனால் ஒளிக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்ததை ஒளிப்பது எளிது. பொட்டலம் கொடுத்த அதே சிநேகிதன் நாளைக்கு மாத்திரை கொடுப்பான். 'டேப்பென்டடால்' என்னும் வலி மாத்திரை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதது. அதைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டு சென்னையில் வாலிபர் மாண்டிருக்கிறார்கள். கரையாத மாவு இரத்தக்குழாயையும் சுவாசப்பையையும் அடைக்கும்.

தகப்பன்மாரே, ஒரு வார்த்தை. வாயில் ஹான்ஸை அடக்கிக்கொண்டு, "கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வாடா" என்று மகனை அனுப்புகிறவர் நம் பங்கில் இல்லையா? அதே மகன் அகப்பட்டால் பெல்ட்டைக் கழற்றுகிறவரும் அவர்தான். அடிபட்டவன் இன்னும் ஆழமாய் ஒளிப்பான். ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் தூரத்தில் மகனைக் கண்டவுடனே ஓடினானே, பிரம்பை எடுத்துக்கொண்டா ஓடினான்?

14446 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் காசில்லாமல் ஆலோசனை சொல்லுவார்கள். அடையாற்றில் 1980 முதல் டி.டி. ரங்கநாதன் ஸ்தாபனத்தார் இவ்வித நோயாளிகளுக்கு வைத்தியம் செய்து வருகிறார்கள். நோயென்றே சொல்லுகிறேன், பையனிடமும் அப்படியே சொல்லுங்கள்.

ஞாயிறு பூசைக்குப்பின் என்னிடம் பேச விரும்புகிறவர்கள் வரலாம். பையனை மாத்திரம் அனுப்பாமல் தகப்பனும் கூட வாருங்கள். வருமுன் உங்கள் சட்டைப்பையில் இருப்பதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வாருங்கள்.