எக்ஸ்போசிட்டோ என்றொரு குடும்பப் பெயர்

காப்ரியேல் கார்சியா மார்க்வெஸைத் தமிழில் எல்லோரும் ‘மார்க்வெஸ்’ என்றுதான் கூப்பிடுகிறோம். கொலம்பியாவிலும் ஸ்பெயினிலும் வழக்கம் வேறு. கார்சியா அப்பாவின் குடும்பப் பெயர், மார்க்வெஸ் அம்மாவினுடையது. அதாவது நாம் அப்பாவைக் கழற்றிவிட்டு அம்மாவை மட்டும் வைத்திருக்கிறோம். சிறுவயதில் அரக்கட்டாக்காவில் அவரை வளர்த்தது அம்மாவைப் பெற்ற தாத்தாவும் பாட்டியும்தான். அதனால் இந்தப் பெயர் அவருக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரண்டு குடும்பப் பெயர் என்றதும், பரவாயில்லையே, அம்மாவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களே என்று நினைப்போம். ஆனால் அந்த அம்மாவின் பெயரும் அவருடைய அப்பாவிடமிருந்து வந்ததுதான். வழக்கமாக அதுவும் ஒரு தலைமுறையோடு சரி. மார்க்வெஸின் மகன் ரோட்ரிகோ கார்சியா பார்ச்சா ஆனார். மார்க்வெஸ் உதிர்ந்துவிட்டது. ஸ்பெயினில் 1999 முதல் பெற்றோர் பேசி முடிவெடுத்து அம்மாவின் பெயரை முன்னால் வைக்கலாம். அப்பாவின் பெயர் தானாகவே முன்னால் வரும் நிலை 2017இல்தான் நின்றது.

‘எஸ்’ என்று முடியும் ஸ்பானியப் பெயர்களில் பெரும்பாலானவை மகன் என்பதைச் சொல்பவை. ஃபெர்னாண்டெஸ் ஃபெர்னாண்டோவின் மகன். மார்க்வெஸ் மார்க்கோஸின் மகன். இடைக்காலத்தில் யாரோ ஒருவனுக்கு அது நிஜமாக இருந்திருக்கும். பிறகு பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் அப்படியே உறைந்துபோனது. எந்த மார்க்கோஸ் என்று கேட்டால் பதில் கிடையாது. இருந்தாலும் சொல்லிக்கொள்ள ஒரு மூதாதை இருக்கிறார்.

எக்ஸ்போசிட்டோ என்ற பெயர்க்காரருக்கு அதுவும் இல்லை. லத்தீனில் அதற்கு ‘வெளியே வைக்கப்பட்டவன்’ என்று பொருள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லங்களின் சுவரில் ‘டோர்னோ’ என்ற சுழலும் பெட்டி இருந்தது. வெளியே நின்று குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. இப்படி வந்த பல குழந்தைகளை எக்ஸ்போசிட்டோ என்றே பதிந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான். இந்தக் குழந்தைகளை முறையாகப் பிறந்தவர்களாகவே கருத வேண்டும், பிறப்பைச் சொல்லித் திட்டினால் தண்டனை என்று 1794இல் நான்காம் கார்லோஸ் மன்னர் ஆணையிட்டார். திட்டினால் தண்டனை, சரி. பெயரே திட்டாக இருந்தால் என்ன செய்வது? 1921இல் ஒரு சட்டம் பெயரை மாற்றிக்கொள்ள வழிவிட்டது.

மாற்றிக்கொள்வது மரபைத் துறப்பதா? மாற்றியவர்களை என்னால் குறை சொல்ல முடியாது. வகுப்பில் பெயர் கூப்பிடும்போதே பூட்டனின் பிறப்புக்கதை வெளியே வருகிறது என்றால், ‘மரபைக் காப்பாற்று’ என்று அந்தப் பிள்ளையிடம் யார் சொல்வது? அடுத்தவர் அவமானத்தை வைத்து நாம் மரபு பேசக்கூடாது.

ஆனால் மாற்றாமல் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. இன்றும் ஸ்பெயினில் எக்ஸ்போசிட்டோக்கள் இருக்கிறார்கள். அந்த இல்லங்களுக்கு வந்த குழந்தைகளில் மிகப் பலர் பிழைக்கவில்லை. அப்படியென்றால் இன்று ஒருவர் அந்தப் பெயரோடு இருப்பதற்கு, எங்கோ ஒரு குழந்தை பிழைத்து வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டது என்று அர்த்தம். விட்டுப்போனதைத்தான் பெயர் சொல்கிறது. பிழைத்ததை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிழைக்க வைத்தது யார்? மாட்ரிட்டின் இன்க்ளூசா இல்லம் குழந்தைகளைக் கிராமத்துச் செவிலித்தாய்களிடம் கூலி கொடுத்து அனுப்பியது. கூலிக்குத்தான் வளர்த்தார்கள், ஆனாலும் அந்தப் பாலில்தான் ஒரு வம்சம் தொடங்கியது. எந்தக் குடும்பப் பெயரும் அவளைச் சொல்வதில்லை. பரம்பரை என்றால் நன்றிக்கடன் என்று எடுத்துக்கொண்டால், பெயரை மாற்றினாலும் வைத்துக்கொண்டாலும் அந்தப் பொம்பளைக்குப் பட்ட கடன் அப்படியேதான் இருக்கிறது.