கைதட்டுவதற்கு முன்



இரட்டைச் சகோதரிகளைப் பற்றிய பழிவாங்கும் நாடகம் ஒன்றை வீட்டில் எல்லாரும் பார்த்தோம். அக்காளைக் கொன்றவளைத் தங்கை மண்டியிட வைத்ததும், "அப்படிப் போடு!" என்று நான் கைதட்டினேன். பாட்டி மட்டும், "அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாளேப்பா" என்றார்.

பாகவதம் நினைவுக்கு வந்தது. தூங்கிய தன் ஐந்து பிள்ளைகளையும் கொன்ற அசுவத்தாமனை அர்ச்சுனன் கட்டி இழுத்து வந்தபோது, இவன் தாயும் தன்னைப் போல் அழக்கூடாது என்று அவனை விடச் சொன்னாள் திரௌபதி. தண்டனை கிடைத்தது: தலைமணியைப் பறித்து, முடியைச் சிரைத்துத் துரத்தினார்கள். உயிரை மட்டும் எடுக்கவில்லை.

நீதி வேறு, வெறி வேறு.

ஒரு சின்ன சண்டைக்காக என் தங்கையோடு பேசி இரண்டு மாசமாச்சு. இன்றைக்கு நானே முதலில் போன் பண்ணப் போறேன். நீங்க?