எத்தனை நாளைக்கு?

விமானம் நிற்கிறது; கதவு திறக்கிறது; இளைஞர்கள் இறங்குகிறார்கள். இறங்கியதும் பாடுகிறார்கள்! தங்கள் தாய்மொழியிலே அல்ல, வந்து சேர்ந்த மண்ணின் மொழியிலே!

1961 ஆகஸ்ட் 30 அன்று, கானா நாட்டின் தலைநகராம் ஆக்ராவில் நிகழ்ந்தது இது. அமெரிக்க அமைதிப்படை அதே ஆண்டில்தான் தோன்றியது. பள்ளிகளிலே பாடஞ்சொல்லத் தாமே முன்வந்த ஐம்பது பேரளவிலான அதன் முதல் அணி, விடுதலை பெற்று நான்கே ஆண்டுகளான நாட்டிலே கால் வைத்ததும் ட்வி மொழியிலே பாடிற்று. அங்கே ஆட்சிமொழி ஆங்கிலம். ட்வி அறியாமலே காலந்தள்ளியிருக்கலாம். எனினும் பாடினர். வந்தவர் வணங்கவேண்டியது வரவேற்போரின் மொழியையே என்பதை உணர்ந்த செயல் அது, பாராட்டுவோம்.

ஆனால், பாட்டு முடிந்த பிறகு? அந்தத் தொண்டர்களின் பணிக்காலம் இரண்டு ஆண்டுகள். மூன்றாம் ஆண்டு அதே வகுப்பறையிலே அமர்ந்திருக்கும் மாணவனுக்கு யார் விடை சொல்வது?

இங்கே இன்னொருவரை நினைக்கிறேன். எலைசா அக்னியு என்னும் அமெரிக்க மாது 1840இல் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். 1824இல் தோன்றிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியிலே 1879 வரை பணியாற்றி, 1883இல் மானிப்பாயிலே மறைந்தார். இடையிலே ஒரு முறைகூடத் தாயகம் திரும்பவில்லை. பாட்டி படித்த பள்ளியிலே மகளும், மகள் படித்த பள்ளியிலே பேத்தியும் அவரிடம் பயின்றனர். 'ஆயிரம் புதல்வியரின் அன்னை' என்றே அழைத்தனர்.

அவர் கையிலே எழுத்தோடு வேதமும் இருந்தது. மதம் பரப்பவே அனுப்பினார்கள், மறுப்பதற்கில்லை. ஏழைச் சிறுமியின் எழுத்துப் பசிக்கு மதத்தை விலையாகக் கேட்பது அறமா? அல்ல என்றே கூறுவேன். எனினும், பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று ஊர் கேட்ட நாளிலே, நாற்பதாண்டு நகராது நின்ற அந்த அம்மையாரை நோக்கிக் கைநீட்டிக் குற்றஞ்சாட்ட எனக்குத் தகுதியில்லை. ஏனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'இல்லம் தேடிக் கல்வி' 2021இல் தொடங்கியபோது, எங்கள் கூமாப்பட்டியிலே நானும் தன்னார்வலராய்ச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அதைவிடப் பெரிது, பட்டம் பெற்றவள் ஊருக்கு உழைக்கிறாள் என்ற பெருமிதம்! முதல் நாள் மாலை, திண்ணையிலே பிள்ளைகள் வட்டமாய் அமர்ந்தனர். மலையடிவாரத்து வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த பையை மடியில் வைத்திருந்த சிறுமி ஒருத்தி கேட்டாள்:

"எத்தன நாளைக்கு வருவீங்க அக்கா?"

"தினமும் வருவேன்" என்றேன். ஐந்தாம் மாதம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலே இடங் கிடைத்தது, போய்விட்டேன்.

தவறென்ன, விரும்பி வந்தவர் விரும்பிப் போகலாமே என்பர் நண்பர். கூலி பெறாதவருக்குக் கட்டுப்பாடேது என்பர். 2025இல் ஒரு காணொளியைக் கண்டு எங்கள் ஊரைப் பார்க்கக் கூட்டங் கூட்டமாய் வந்தார்கள், வந்தார்கள், போனார்கள். அவர்கள் எவருக்கும் எதையும் வாக்களிக்கவில்லை, ஆகவே பழியுமில்லை. ஆசிரியர் அப்படியல்லர். 'அ' என்று எழுதிக் காட்டும்போதே 'ஃ' வரை உடன் இருப்பேன் என்று சொல்லாமற் சொல்லிவிடுகிறார். கொடை விருப்பத்தாற் பிறக்கலாம்; பிறந்தபின் அது கடனாகிவிடுகிறது! திரும்பிப் போகும் சீட்டு தொண்டரின் பையிலே இருக்கிறது. பிள்ளையின் பையிலே இல்லை.

எல்லாரும் நாற்பதாண்டு நிற்க முடியாது. நிற்க வேண்டுமென்றும் கேட்கவில்லை. ஐந்து மாதந்தான் என்றால் ஐந்து மாதம் என்று அன்றே சொல்லியிருக்கலாம். அடுத்தவரைத் தேடி என் இடத்தில் அமர்த்திவிட்டுப் போயிருக்கலாம். ஊரிலே படித்த பெண்கள் இல்லாமலா போனார்கள்? இரண்டையும் செய்யவில்லை நான்.

சென்ற மாதம் வத்திராயிருப்பு பேருந்து நிலையத்திலே அந்தச் சிறுமியைக் கண்டேன். வளர்ந்திருந்தாள். "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்றாள். எப்போது திரும்ப வருவீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை.