கொம்புத்தேனும் கூடத்துப் படியும்

'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா?' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. எட்டாத பொருளுக்கு ஏங்கி வருந்தாதே என்று அறிவுறுத்தவே இது எழுந்தது என்பர். ஆயினும், ஒருவனுடைய உடற்குறையை எடுத்துக்காட்டாக்கி, அவன் ஆசையையே நகைப்புக்கு உரியதாக்கும் சிறுமையும் அதில் கலந்திருக்கிறது.

சங்கப் புலவர் பரணரும் இதே காட்சியைப் பாடினார், ஆனால் நகைக்கவில்லை. குறுந்தொகையின் 60ஆம் பாடலில், நெடிய மலையில் தொங்கும் தேனடையைக் கண்ட ஒருவன், ஏற இயலாமல் கீழே அமர்ந்தபடியே அதைச் சுட்டிக்காட்டி, குவித்த தன் கையை நக்கி மகிழ்கிறான். தலைவனின் அன்பு கிட்டாவிடினும் அவனைப் பலமுறை காண்பதே இனிது என்று ஆறுதல் கொள்ளும் தலைவிக்கு அவன் உவமையாகிறான். ஒரு பெண்ணின் காதலுக்கு நிகராக வைத்து எண்ணத்தக்கது அவன் விருப்பம் என்று புலவர் கருதினார் போலும்.

மலைத்தேனை அவ்வளவு உயரத்தில் வைத்தது தேனீ. அதற்காக எவரையும் நொந்துகொள்வதற்கில்லை. ஆனால், இசையரங்கையும் நாடக அரங்கையும் திரையரங்கையும் படிகளின்மேல் வைத்தவர் யார்? நாமே அன்றோ! இயற்கை இட்ட தடையை விதி என்று சொல்லி ஒருவாறு அமைதி கொள்ளலாம். வரைபடம் வரைந்து, நன்கொடை திரட்டி, நாமே கட்டி எழுப்பிய தடையையும் விதி என்று சொல்லலாமா? இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய அறக்கேள்வி.

இயற்கையின் தடையைக்கூட மனிதர் கடந்து காட்டியிருக்கின்றனர். சென்னை மெரினாவின் மணற்பரப்பில் 2022 நவம்பரில் மரப்பலகைப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்போர் அதன் வழியே சென்று கடலலையை அருகில் கண்டனர். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. மணலிலே வழி சமைக்க இயலுமானால், கூடத்து வாயிலில் இயலாதா?

மும்பைக்கு வந்த தமிழர் பிழைப்பைத் தேடியதோடு நின்றுவிடவில்லை. கலைக்கும் ஓர் இடம் தேடினர். 1952இல் தோன்றிய சண்முகானந்த சபை, 1963இல் மாதுங்காவை அடுத்துத் தன் பேரரங்கைத் திறந்தது. 1990இல் தீக்கிரையான அவ்வரங்கு 1998இல் மீண்டும் எழுந்தது. செம்பூரிலும் சயானிலும் அரங்குகள் உருவாயின. தாராவியில் தெருவே மேடையாயிற்று. அந்த 1963ஆம் ஆண்டில் இருபத்தைந்து வயது இளைஞராக இசை கேட்டவர், இன்று எண்பத்தைந்தைக் கடந்த முதியவர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சபாக்களுக்குச் சந்தா செலுத்தி வளர்த்த அத்தலைமுறையினரில் முழங்கால் தேய்ந்து சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்டோர் உண்டு. தாம் வளர்த்த கலைக்குத் தாமே வெளியாராக அவர்கள் நிற்பது முறையா?

நம் விழாக்களில் நாம் கண்டு பழகிய காட்சி ஒன்றுண்டு. வாடகை ஊர்தியிலிருந்து ஒரு மூதாட்டி இறக்கப்படுகிறார். வாயிலில் படிகள். தொண்டர் நால்வர் ஓடி வந்து அவரை நாற்காலியோடு தூக்குகின்றனர். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்க, அவர் புடைவைத் தலைப்பை இறுகப் பற்றியபடி தலைகுனிகிறார். மகனும் மருமகளும் நடுவரிசையில் அமர, அவருடைய நாற்காலி ஓர் ஓரத்தில் நிறுத்தப்படுகிறது. கழிப்பறைக் கதவு குறுகியது என்பதை முன்னமே அறிந்திருப்பதால், அன்று காலை முதல் அவர் தண்ணீரும் அருந்தவில்லை. அடுத்த ஆண்டு, "நான் வீட்டிலேயே கேட்டுக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்கிறார். நாமோ, "அம்மாவுக்கு முன்போல் பாட்டில் நாட்டமில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம்!

தாராவியில் மாடி அறையில் வாழும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். செங்குத்தான இரும்பு ஏணியிலிருந்து அவனைத் தோளில் சுமந்து இறக்க வேண்டும். குறுகிய சந்தையும் சாக்கடைப் பலகையையும் கடக்க வேண்டும். மின்தொடர் வண்டியில் அவனுக்கெனத் தனிப்பெட்டி உண்டு. அதை அடையும் வழியில் மேம்பாலப் படிகளும் உண்டு. இத்தனையும் கடந்து ஒரு நாடகம் காண வந்தவனை வாயிலின் மூன்று படிகள் திருப்பி அனுப்புமானால், அதை என்னவென்பது?

தூக்கிவிடும் கைகளை நாம் குறை கூறவில்லை. அவை அன்புடைய கைகள். எனினும், ஒவ்வொரு முறையும் விருந்தினர் கைகூப்பி உதவி வேண்டித்தான் உள்ளே வர முடியும் என்றால், அந்த வீட்டை விருந்தோம்பும் வீடு என்பார் உண்டோ? சாய்தளம் எவரிடமும் நன்றியை எதிர்பார்ப்பதில்லை. அதன் வழியே வருபவர் மற்றவரைப் போலவே சீட்டைக் காட்டி, தம் பாட்டுக்கு உள்ளே வருகிறார். இரக்கத்துக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1981இல் விபத்தில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலுடன் மீண்டும் பரதநாட்டிய மேடையேறிய சுதா சந்திரனை நாடே போற்றியது. அவர் நம் மும்பையில் வளர்ந்தவர் என்பது நமக்குப் பெருமை. ஆனால், அரும்பெரும் மனவுறுதி படைத்தவர்க்குக் கைதட்டுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? பின்வரிசையில் அமர்ந்து ஒரு கீர்த்தனையைக் கேட்டுவிட்டு வீடு திரும்ப விரும்பும் எளிய மனிதர் எந்த வீரத்தையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

"வருவோர் சிலரே, அவர்க்காக இத்தனை செலவா?" என்று கேட்பாருண்டு. வழி இல்லாததால் வாராதோரை, வாராதோர் என்பதால் வழி வேண்டாதோர் எனக் கணக்கிடலாமா? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம். மூன்றடி அகலக் கதவு. நாற்காலி திரும்ப ஐந்தடி வெளி. வரிசைகளின் நடுவே உற்றாரோடு அமர இடம். பேசவும் பாடவும் வருவோர்க்கு மேடைக்கும் ஒரு வழி. வேண்டுவன இவையே. மிருதங்கமும் தம்புராவும் சுமந்து வருவோரும், கைக்குழந்தையோடு வருவோரும் அச்சாய்தளத்தை வாழ்த்துவர். எரிந்த பேரரங்கையே மீட்டெடுத்த சமூகத்துக்குச் சிறு கூடங்களைத் திருத்துவது மலையன்று.

சட்டமும் இதையே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களை விதிகள் வெளியான ஐந்தாண்டுகளுக்குள் திருத்தியமைக்கப் பணித்தது. விதிகள் வெளியானது 2017இல். தவணையோ 2022இல் கடந்துவிட்டது. இவ்வகைத் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருத்தல் தகாது, கட்டாயமாதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்று வழங்குகிறோம், நன்று. சொல்லை மாற்றிய நாம் படியை மாற்றினோமா?

திருப்புன்கூரில் வெளியே நின்ற நந்தனார்க்காக நந்தி விலகிய கதையை நம் மேடைகளில் கேட்டு நாம் கண்ணீர் விட்டதுண்டு. கல்லாலான நந்தியே விலகியது! ஆயினும் அன்று நந்தனார் உள்ளே செல்லவில்லை. வெளியில் நின்றே கண்டார். எட்ட நின்று காண்பதே போதும் என்று குறுந்தொகைத் தலைவி ஆறுதல் கொள்ளலாம். நம் உடன்பிறந்தாரை அவ்வாறு ஆறுதல் கொள்ளச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆகவே, அடுத்த விழாவுக்குக் கூடம் தேடும்போது, விழாக்குழுவினர் ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, வாயிலிலிருந்து இருக்கைக்கும், கழிப்பறைக்கும், மேடைக்கும் ஒருமுறை சென்று பார்க்கட்டும். அதன் பின்னர், 'அனைவரும் வருக' என்று அழைப்பிதழில் அச்சிடுவோம். அவ்வரி அன்று மெய்யாகும்.